தவக்காலத்தில் பாவாடையும் கவுனும்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான இந்தத் தவக்காலம் முழுவதும் கால்சட்டைகளை ஒதுக்கிவிட்டு, பாவாடையும் கவுனும் மட்டுமே அணிந்து வருகிறேன். தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும்வரை நோன்பிருக்கவும், 14 வயது நிறைந்தவர்கள் புலால் தவிர்க்கவும் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் பணிக்கிறதே தவிர, தவக்கால உடையைப் பற்றி எதையும் விதிக்கவில்லை; ஆகவே இது நானாக ஏற்றுக்கொண்ட ஒறுத்தல். பேருந்தில் ஏறும்போதும் காற்று வீசும்போதும் துணியைச் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருப்பதால் நடை தானாகவே நிதானப்படுகிறது. அந்த நிதானத்தில் சிறு செபம் ஒன்று எளிதாக வருகிறது. கால்சட்டை அணியும் பெண்களை நான் குறைவாக எண்ணவில்லை. திருநீற்றுப் புதனின் முதல் வாசகத்தில் இறைவாக்கினர் யோவேல், உடையை அல்ல, இதயத்தையே கிழித்துக்கொள்ளச் சொல்கிறார். எனவே புதுத் துணி எதுவும் வாங்காமல், அந்தப் பணத்தை எங்கள் பங்கு ஆலயத்திலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையிடம் ஏழைகளுக்காக ஒப்படைக்கிறேன்.