மதுரையில் நிழல் தேடி ஒன்பது ஞாயிறு

துபாயில் இருந்த பன்னிரண்டு வருஷத்தில் நான் உருப்படியாகப் பழகிக்கொண்ட ஒரே பொழுதுபோக்கு, பூங்கா பார்ப்பது. சொன்னால் சிரிப்பார்கள். பாலைவனத்தில் ஏது பூங்கா? வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் மழைகூட ஒழுங்காகப் பெய்யாத ஊர் அது. ஆனால் பேட்டைக்குப் பேட்டை பச்சையாக ஒரு துண்டு நிலம் வைத்திருப்பார்கள். சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து, மண்ணுக்குள் ஓடும் சொட்டுநீர்க் குழாயில் விட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுகிற மாதிரி ஊற்றி வளர்ப்பார்கள். கிரீக் பூங்கா, ஜபீல் பூங்கா எல்லாம் ஊரே போகிற இடம். நான் அவற்றை விட்டுவிட்டு அல் கூஸில் இருக்கிற குளத்துப் பூங்கா, ராஸ் அல் கோரில் பூநாரை பார்க்கக் கட்டிய மரக்குடில், முஷ்ரிஃப் பூங்காவின் ஆளில்லாத பின்பக்கம் என்று லீவு நாளுக்கு ஒன்றாகத் தேடிப் போவேன். அறையில் ஆறு பேர் படுத்திருக்கும்போது வேறு எங்கே போய்த் தனியாக உட்காருவது?

ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போனது. 2025 சித்திரைத் திருவிழா முடிந்து, அழகரும் மலைக்குத் திரும்பி, வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில் வீட்டில் சொல்லிவிட்டார்கள்: "இப்படிக் கூண்டுக்குள்ள கிடக்குற மாதிரி சுத்திச் சுத்தி வராதீங்க. எங்கயாச்சும் போய்ட்டுத்தான் வாங்களேன்."

சரி, இங்கேயும் தேடுவோம் என்று கிளம்பினேன். வண்டி என்னுடைய பழைய எக்ஸ்எல். துணைக்கு அக்கா மகன், கல்லூரியில் படிக்கிறவன். முப்பது கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், கூட்டம் மொய்க்கிற இடமாக இருக்கக் கூடாது என்று பேசிக்கொண்டோம். பாஸா ஃபெயிலா என்று பார்க்க ஒரு சோதனையும் வைத்தேன். காலை பதினொரு மணிக்கு அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, நூறு எண்ணும்வரை நிற்க வேண்டும்.

முதல் ஞாயிறே ஃபெயில். எங்கள் பக்கத்துப் பூங்கா ஒன்றுக்குப் போனோம். உள்ளே வேம்பும் புங்கையும் நல்ல நிழலாக நிற்பது கம்பி வழியாகத் தெரிகிறது. கேட்டில் பூட்டு. காலை ஒன்பதுக்கு மூடினால் சாயங்காலம் நாலுக்குத்தான் திறப்பார்களாம். நடைப்பயிற்சிக்காரர்களுக்கு அது வசதியாக இருக்கலாம். நிழல் தேவைப்படுகிற ஏழு மணி நேரமும் நிழலைப் பூட்டி வைக்கிற கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. காவலாளியிடம் கேட்டால், "தொறந்து வெச்சா வந்து படுத்துக்குறாங்க சார்" என்றார். நிழலில் படுக்காமல் வேறு எங்கே படுப்பார்கள்? ஆனால் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் வெயில் தின்றுகொண்டிருந்த அவரிடம் இதைச் சொல்லி என்ன பிரயோசனம்.

இரண்டாவது வாரம் காந்தி மியூசியம். மதுரைக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை வரிசையில் போயிருப்போம், அதோடு சரி. ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனை, 1959-இல் நேரு வந்து திறந்தது, உள்ளே காந்தியின் ரத்தக்கறை படிந்த துணி என்பதெல்லாம் தெரிந்த கதை. கட்டடத்தைச் சுற்றி நிற்கிற மரங்களைத்தான் யாரும் பார்ப்பதில்லை. வெளியே தமுக்கம் பக்கம் பஸ் ஹாரன் காதைக் கிழிக்கிறது, உள்ளே வால்காக்கை கத்துவது கேட்கிறது. நூறு எண்ணினேன், கால் சுடவில்லை. நகருக்குள் இதுவரை கிடைத்ததில் இதுதான் முதலிடம்.

மூன்றாவது, திருப்பரங்குன்றத்தின் முதுகுப்பக்கம். முருகன் கோயில் மலைக்கு வடக்கே இருக்கிறது, கூட்டமெல்லாம் அங்கேதான். தெற்கே சுற்றி வந்தால் தென்பரங்குன்றம், உமையாண்டார் குடைவரை. சமணர்களிடம் இருந்து 13-ஆம் நூற்றாண்டில் சைவத்துக்கு மாறிய இடம். மரத்தடிக் காற்று நன்றாக இருந்தது. இன்னொரு தடவை போய் நிதானமாக உட்கார்ந்துவிட்டு எழுதுகிறேன். நான்காவது வாரம் ஒரு கல்யாணம், போகவில்லை.

ஐந்தாவது வாரம் கீழக்குயில்குடி. தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை போய் இடதுபக்கம் திரும்ப வேண்டும். சமணமலை அடிவாரத்தில் ஒரு தாமரைக்குளம், அய்யனார் கோயில், மண்குதிரைகள், கை கையாக விழுது இறக்கிய ஆலமரம். தமிழ்நாட்டில் இதைவிட நல்ல பூங்காவை யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டுக் கட்டிவிட முடியுமா என்று தெரியவில்லை. ஆலமரத்தடியில் மண் ஈரமாக, மாவு மாதிரி இருந்தது. நூறு என்ன, முந்நூறு எண்ணினேன். அக்கா மகன் அதற்குள் தூங்கிவிட்டான்.

தப்பு செய்தது அதற்கப்புறம்தான். பதினொன்றரைக்கு மேல், மலைமேல் சமணச் சிற்பங்கள் இருக்கிற பேச்சிப்பள்ளத்துக்கு ஏறினோம். படிகள் பாறையிலேயே வெட்டியவை. சிற்பங்கள் இருக்கிற இடத்தில் வெறுங்காலோடு நிற்பதுதான் மரியாதை என்று செருப்பைக் கழற்றினேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆடிக்கொண்டிருந்தேன். பாறையில் வரிசையாக உட்கார்ந்திருந்த தீர்த்தங்கரர்கள் கண்ணைத் திறக்கவே இல்லை.

"மாமா, தோசைக்கல்லுல நிக்கிற மாதிரி இருக்கு, இறங்கிருவோம்" என்றான். இறங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு செட்டிப்பொடவுக்குப் போனோம். பொடவு என்றால் குகை, இந்தப் பக்கத்துச் சொல். வாசலில் பெரிய தீர்த்தங்கரர் உருவம், அடியில் வட்டெழுத்து. உள்ளே குனிந்து நுழைந்தால் சிங்கத்தின் மேலேறி யானையை எதிர்க்கிற இயக்கி, சமணர்களின் காவல் தெய்வம். அந்தக் கல்தரை, வெளியே தோசைக்கல்லாகக் கொதித்த அதே மலையின் கல், இங்கே ஜில்லென்று இருந்தது. மேலே ஒரு மலை அளவுக்குக் கூரை இருந்தால் சூடு எப்படி இறங்கும்! சமண முனிவர்களும் இடம் பார்க்கும்போது என்னுடைய சோதனையைத்தான் வைத்திருக்க வேண்டும். வெறுங்காலோடு நடந்தே ஊர் ஊராகப் போனவர்கள், அவர்களுக்குத் தெரியாததா?

ஆறாவது வாரம் ஆனைமலை. நரசிங்கம் கோயில் பக்கம். வெயிலில் அது கல்யானை மட்டுமே. ஃபெயில்.

ஏழாவது வாரம்தான் அரிட்டாபட்டி. மேலூர் ரோட்டில் போய் இடப்பக்கம் திரும்பி உள்ளே போனால், வயலும் கண்மாயுமாக ஊர் வேறு மாதிரி ஆகிவிடும். ஏழு குன்றுகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரை பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் இதுதான் முதல். லகர் வல்லூறு, ராஜாளிக் கழுகு எல்லாம் இந்தப் பாறைகளை நம்பி இருக்கின்றன. நான் பார்த்தது என்னவோ மயிலும் பனங்காடையும்தான். 2024-இல் இங்கே டங்ஸ்டன் எடுக்கச் சுரங்க ஏலம் விட்டதும், மேலூர்ப் பக்கத்துச் சனம் மதுரைக்கே திரண்டு வந்து நின்றதும், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

இங்கேயும் குன்றில் சமண முனிவர்கள் தங்கிய ஒரு குகைத்தளம் உண்டு. அதைப் பார்க்கும்போது முகப்பை அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறது. பாறையில் வழிந்து வருகிற மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் அந்த விளிம்போடு வெளியே சொட்டிவிடும். நம் வீட்டு ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் கொத்தனார் கயிறு வைத்து ஒரு பள்ளம் இழுப்பாரே, அதே வேலைதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் தமிழின் பழைய எழுத்தான தமிழியில் ஒரு கல்வெட்டு, அதில் 'கொடுபிதோன்' என்று ஒரு சொல். கொடுப்பித்தோன், அதாவது செய்து கொடுத்தவன். இன்றைக்கு டியூப்லைட்டில் எழுதுகிற உபயம்.

இறங்கி வந்து கண்மாய்ப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "அய்யா, இங்க உக்கார நல்ல எடம் எதுங்கய்யா? பார்க் மாதிரி" என்று கேட்டேன்.

"பார்க்கா? அதெல்லாம் டவுன்லதான தம்பி இருக்கும்" என்றார். அப்புறம் கையை நீட்டி, "கம்மாக்கரையில மடைக்கிட்ட போய் உக்காருங்க. காத்து வரும்" என்றார்.

போய் உட்கார்ந்தோம். கண்மாயில் தண்ணீர் பாதிக்கும் கீழே. ஆனாலும் அவர் சொன்னபடி காற்று வந்தது, தண்ணீர் மேல் தவழ்ந்து, கரையேறி, மரத்தடிக்கு. கரையில் மரம் நிற்பது கரை கரையாமல் பிடித்துக்கொள்ள. மடைக்குத் தண்ணீர் திறக்க வருகிறவர் உட்கார நிழல் என்பது கொசுறு. பூங்கா என்று போர்டு மாட்டிய இடத்தைத் தேடி ஐந்தாறு வாரம் பெட்ரோலைச் செலவழித்தேன். போர்டில்லாத பூங்கா ஊருக்கு ஒன்று, வெட்டி வைத்தவர்கள் பேர்கூட இல்லாமல், கரை நீளத்துக்குக் கிடக்கிறது. அங்கே யாரும் பூட்டு போடவும் முடியாது. அன்றைக்கு என் நோட்டில் அரிட்டாபட்டிக்கு எதிரே மார்க் எதுவும் போடவில்லை. வெறுமனே 'மடை' என்று எழுதிவைத்தேன்.

திரும்பும்போது பின்சக்கரம் பஞ்சர். சீமைக்கருவேல முள். குறுக்கு வழி என்று கண்மாய் உள்வாயில் வண்டியை விட்டது நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. மெயின்ரோடு வரை தள்ளினோம். பஞ்சர்க்கடைத் தம்பி டியூபை வெளியே இழுத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்பினார். ஒரு இடத்தில் முத்து முத்தாகக் குமிழி. குச்சியால் அங்கே வட்டம் போட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பினால் இன்னொரு குமிழி. மொத்தம் மூன்று ஓட்டை. டயருக்குள் விரலை விட்டுத் தடவி முள்ளைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகத்தைவிட இரண்டு மடங்கு நீளம். "வேலங்காட்டுக்குள்ள போனீகளாண்ணே?" என்றார். ஆமாம் என்றேன். உப்புக்காகிதத்தில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டுகிற வரை வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த முள்ளைப் பார்த்தபோதுதான் முஷ்ரிஃப் பூங்கா ஞாபகம் வந்தது. அங்கே முழுக்க 'காஃப்' என்கிற மரம். அமீரகத்தின் தேசிய மரம். சகிப்புத்தன்மை ஆண்டு என்று 2019-ஐக் கொண்டாடியபோது இதைத்தான் சின்னமாக வைத்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஜோத்பூர்க்காரர் ஒருவர் அதைத் தொட்டுக் கும்பிடுவார், "எங்க ஊர் கேஜ்ரி" என்பார். மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டி தின்போம். சீமைக்கருவேலத்தின் பங்காளி அது. இலையெல்லாம் அண்ணன் தம்பி ஜாடை. ஆனால் முள் சின்னது, குணம் தங்கம். வெறும் மணலில் வேரை எங்கேயோ ஆழத்துக்கு இறக்கிக்கொண்டு, யாரிடமும் தண்ணீர் கேட்காமல் நிற்கும். சொட்டுநீர்க் குழாய் இல்லாமல் அந்த ஊரில் நான் பார்த்த நிழல் அது ஒன்றுதான்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டு இருந்தபோது அக்கா மகன் போனில் தேடிவிட்டு, "மாமா, அதுக்குத் தமிழ்ல வன்னி மரம்னு போட்டிருக்கு" என்றான்.

அடுப்படியில் இருந்து குரல் வந்தது. "வன்னியா? அது நம்ம மீனாட்சி கோயில்ல இருக்குறதுதான? சாட்சி சொல்ல வந்த மரம்."

எனக்கு எப்படித் தோன்றாமல் போனது! வன்னியும் கிணறும் இலிங்கமும் அழைத்த படலம். திருவிளையாடலில் அறுபத்து நான்காவது, கடைசி. வணிகப் பெண் ஒருத்தி தன் கல்யாணத்துக்குச் சாட்சி இல்லாமல் அழுது நிற்க, திருப்புறம்பியத்தில் இருந்து மரமும் கிணறும் லிங்கமும் மதுரைக்கே வந்து சாட்சி சொன்னதாகக் கதை. எட்டாவது ஞாயிறு அதைப் பார்க்கத்தான் போனோம், சுவாமி சந்நிதிப் பிராகாரத்தில். கூட்டமில்லாத இடமாக இருக்க வேண்டும் என்று நானே போட்ட கட்டுப்பாட்டை நானே மீறினேன். கல்லில் வடித்த வன்னி. அதற்கு நிழல் கிடையாது. கோயில் என்பதால் செருப்பில்லாமல்தான் நின்றேன், அதை நோட்டில் சேர்க்கவில்லை.

ஒன்பதாவது வாரம் உயிருள்ள வன்னிக்கு அலைந்தோம். கிழக்கே ஒரு கிராமத்துக் கண்மாய்க்கரைப் பிள்ளையாருக்குப் பின்னால் ஒன்று நிற்பதாக நாட்டு மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். இருந்தது. அடிமரம் சொரசொரவென்று வெடித்து, சாம்பல் நிறத்தில், பிள்ளையார் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இலை பொடிசு என்பதால் நிழல் அடர்த்தி இல்லை, சல்லடையில் சலித்த மாதிரி விழுகிறது. துபாயில் ரொட்டி தின்றபோது தட்டில் விழுந்த அதே புள்ளி வெயில். நூறு எண்ணினேன். எழுபதில் லேசாகச் சுட்டது. பாஸ் என்றே போட்டுக்கொண்டேன்.

கீழே காய்ந்த காய்கள் கிடந்தன. ஒல்லியாக, பென்சிலில் பாதி தடிமன். ஒரு கை அள்ளி வந்து, உடைத்து விதை எடுத்து, ராத்திரி வெந்நீரில் ஊறப்போட்டு, காலி பால் பாக்கெட்டுகளில் செம்மண்ணும் மணலும் கலந்து இருபது விதை ஊன்றினேன். எட்டாம் நாள் நான்கு முளைத்தன. ஒன்றைப் பக்கத்து வீட்டுக் கோழி கொத்திவிட்டது. மிச்சம் மூன்றும் மாடியில், வலைக்கு அடியில் இருக்கின்றன.