மாத்திரையை மாற்றும் முன்: தைராய்டுப் பிரிவில் ஒரு மருந்தாளுநரின் அனுபவம்

நாளமில்லாச் சுரப்பி நோய்ப் பிரிவில் மருந்தாளுநராகப் பணியாற்றும் என்னிடம் நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தைராய்டு குறைவுக்கு ஆய்வகத்தில் தயாரித்த ஹார்மோனைத்தான் வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டுமா, விலங்கின் சுரப்பியிலிருந்து எடுக்கும் இயற்கை மருந்துக்கு மாறிக்கொள்ளக் கூடாதா என்பதே அது. கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே மிகவும் களைத்துப் போனவர்கள். முடி கொட்டுகிறது, எடை ஏறுகிறது, நண்பகலுக்குள் உடம்பு ஓய்ந்துவிடுகிறது. ஆனால் பரிசோதனை முடிவோ எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறது. அவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

முதலில் இரண்டு மருந்துகளிலும் என்ன இருக்கிறது என்பதை விளக்கிவிடுவேன். ஆய்வகத்தில் தயாரித்த மருந்தான லெவோதைராக்சின் மாத்திரையில் இருப்பது டி4, அதாவது தைராக்சின் என்னும் ஹார்மோன் மட்டுமே. தொழிற்சாலையில் உருவானாலும், அதன் மூலக்கூறு நம் கழுத்திலுள்ள சுரப்பி சுரக்கும் டி4-இன் மூலக்கூறேதான். ஓர் அணுவும் வேறுபடாது. 1914-இல் எட்வர்ட் கெண்டல் சுரப்பியிலிருந்து தைராக்சினைப் பிரித்தெடுத்தார். அடுத்த பத்தாண்டின் பிற்பகுதியில் சார்லஸ் ஹாரிங்டன் அதன் கட்டமைப்பைக் கண்டறிந்து, ஜார்ஜ் பார்ஜருடன் சேர்ந்து அதைச் செயற்கையாகத் தயாரித்தும் காட்டினார். இயற்கை மருந்து என்று சொல்லப்படுவது பன்றியின் தைராய்டைச் சுத்தம் செய்து, உலர்த்தி, பொடித்துச் செய்த மாத்திரை. அதில் டி4-உடன், உடலில் நேரடியாக வேலை செய்யும் தைராய்டு ஹார்மோனான டி3-யும் கலந்திருக்கிறது. ஒரு கிரெயின், அதாவது சுமார் 60 மில்லிகிராம் பொடியில், 38 மைக்ரோகிராம் டி4-உம் 9 மைக்ரோகிராம் டி3-யும் இருக்கும். ஒரு பங்கு டி3-க்கு ஏறத்தாழ நான்கு பங்கு டி4 என்பது பன்றியின் கணக்கு; மனிதச் சுரப்பியிலோ அது ஏறத்தாழ பதினான்கு பங்கு. ஆகவே, உலர் சுரப்பி மாத்திரையைத் தேர்ந்தெடுப்பவர், நம் உடலின் வழக்கத்தைவிடக் கூடுதலான டி3-ஐத் தேர்ந்தெடுக்கிறார். உண்மையில் பேச வேண்டிய விஷயம் இதுதான் என்பது என் கருத்து. விலங்கா ஆலையா என்ற வாதத்தில் இந்த டி3 கண்ணில் படாமலே போய்விடுகிறது.

விலங்குச் சுரப்பி மருந்தை ஏளனமாகப் பேசும் சக பணியாளர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. 1891-இல் ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கிலேய மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை முற்றிய தைராய்டு குறைவுள்ள ஒரு பெண்ணுக்கு ஊசி மூலம் செலுத்தினார். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அதுவரை அந்த நோய்க்குச் சொல்லத்தக்க சிகிச்சையே இல்லை. இன்று நாங்கள் எழுதும் ஒவ்வொரு தைராய்டு மருந்துச் சீட்டுக்கும் மூலம் அந்தச் சாறுதான். டி4-ஐ மட்டும் கொடுத்தால் போதும் என்ற முடிவுக்கு வலுவான ஆதாரம் வெகுகாலம் கழித்து, 1970-இல்தான் கிடைத்தது. தைராய்டு சுரப்பியே இல்லாதவர்களின் உடலும், மாத்திரையாகக் கொடுத்த டி4-ஐ டி3-ஆக மாற்றிக்கொள்கிறது என்று அப்போது நிறுவப்பட்டது. டி4-இன் அரைவாழ்வு, அதாவது உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் காலம், சுமார் ஏழு நாள். டி3-இன் அரைவாழ்வு ஏறத்தாழ ஒரே நாள். அதனால் தினம் ஒரு டி4 மாத்திரை ரத்தத்தில் சீரான அளவைத் தருகிறது. டி3 கலந்த மாத்திரையை விழுங்கினால், இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் டி3 உச்சத்துக்கு ஏறிப் பிறகு இறங்குகிறது. அந்த உச்சத்தில் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். இதய நோய் உள்ள முதியவருக்கு அது ஆபத்தாகவே முடியலாம்.

இவற்றைச் சொல்லி முடித்ததும், அவர்கள் தற்போது எப்படி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்பேன். பெரும்பாலான நேரங்களில் விடை இங்கேதான் கிடைக்கிறது. இயற்கை மருந்துக்கு மாற்றிவிடும்படி மருத்துவரிடம் பரிந்துரைக்கச் சொல்லி ஒரு பெண்மணி வந்தார். மாத்திரையின் அளவை இருமுறை உயர்த்தியும் அவருடைய டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் உயரும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இறங்கவில்லை. இந்த மாத்திரை தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் உறுதியாக நம்பினார். வீட்டில் மாத்திரைகளை எதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதும், கைப்பையிலிருந்து கிழமை வாரியாக அறைகள் உள்ள ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு நாளின் காலை அறையிலும் தைராய்டு மாத்திரையோடு கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒன்றாகக் கிடந்தன. மூன்றையும் காபியோடு விழுங்குவதாகச் சொன்னார். கால்சியமும் இரும்பும் குடலில் லெவோதைராக்சினைப் பிடித்துக்கொள்ளும். காபியும் அது ஏறுவதைக் குறைக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரண்டையும் இரவு அறைக்கு மாற்றி அடுக்கினோம். தைராய்டு மாத்திரையை எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, காபிக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்றும், கால்சியத்துக்கும் இரும்புக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளி நிற்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த பரிசோதனையில் டிஎஸ்எச் இறங்கியதோடு நிற்காமல் அளவுக்கு மீறியே இறங்கியிருந்ததால், உயர்த்திய அளவை மருத்துவர் குறைக்க நேர்ந்தது. மருந்தை மாற்றும் பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவில்லை.

ஆனால் எல்லோருக்கும் இப்படி எளிதில் தீர்ந்துவிடுவதில்லை. ஒழுங்காகச் சாப்பிட்டு, டிஎஸ்எச் சரியான இடத்தில் நின்றும், சோர்வும் மந்தமும் விடாதவர்கள் ஒரு சிறு பகுதியினர் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு ரத்தச்சோகை, பி12 குறைவு, உறக்கக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். அவையும் இல்லையென்றால், எல்லாம் உங்கள் மனப்பிரமை என்று சொல்லி அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வை இவ்விடத்தில் எப்போதும் நினைத்துக்கொள்வேன். 70 பேருக்கு இரண்டு மருந்துகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எப்போது எது கொடுக்கப்படுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அறிகுறிகளின் மதிப்பெண்களில் பொதுவாக வேறுபாடு தென்படவில்லை. இருந்தும், எது பிடித்தது என்று கேட்டபோது ஏறத்தாழப் பாதிப்பேர் உலர் சுரப்பி மருந்தைக் காட்டினார்கள். ஐந்தில் ஒருவருக்கும் குறைவானோர் லெவோதைராக்சினைத் தேர்ந்தார்கள். மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டன. உலர் சுரப்பி மருந்தில் இருந்தபோது சராசரி எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. இதை வைத்து எல்லோரும் மாறுங்கள் என்று சொல்லவும் முடியாது, மாற விரும்புகிறவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவும் முடியாது.

அத்தகையவர்களுக்கு எங்கள் பிரிவில், லெவோதைராக்சினைச் சற்றுக் குறைத்து, லியோதைரோனின் என்ற செயற்கை டி3-ஐச் சிறு அளவில் இரு வேளையாகப் பிரித்துச் சேர்த்து, சில மாதம் கவனித்துப் பார்ப்பதுண்டு. உலர் சுரப்பியைவிட இதையே நான் விரும்புகிறேன். இதில் டி4-ஐயும் டி3-ஐயும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். பன்றிச் சுரப்பியில் விகிதம் ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கிறது. ஹார்மோன் வீரியம் குறிப்பிட்ட அளவுக்கு மேலோ கீழோ போனதால் உலர் சுரப்பி மாத்திரைகள் சில சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதும் உண்டு. பன்றியிலிருந்து வருவது என்பதை மாறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நம்பிக்கை காரணமாகவோ சைவம் என்பதாலோ பலருக்கு அந்த ஒரு தகவலே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

அதே சமயம், பல்லாண்டுகளாக உலர் சுரப்பி மாத்திரையில் நலமாக இருக்கும் பெரியவர் ஒருவரும் எங்களிடம் வருகிறார். அவருடைய டி4 எப்போதும் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். அந்த மாத்திரை சாப்பிடுபவர்களிடம் அது எதிர்பார்க்கத் தக்கதே. அதைப் பார்த்துப் பதறி அளவை உயர்த்தினால் டி3 எகிறிவிடும். டிஎஸ்எச் எல்லைக்குள் இருக்கிறதா, நாடித்துடிப்பு சீராக இருக்கிறதா, எலும்பு தேயவில்லையே என்பதைத்தான் பார்க்கிறோம். ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையைப் பரிசோதனைக்குப் பிறகு சாப்பிடுங்கள் ஐயா என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறேன். நன்றாக இருப்பவரைக் கட்டாயப்படுத்தி மாற்றுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

கருத்தரிக்க விரும்பும் பெண்களிடம் மட்டும் நான் இந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. முதல் மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சி தாயின் ரத்தத்திலுள்ள டி4-ஐ நம்பியிருக்கிறது. உலர் சுரப்பி மாத்திரையோ டி3-ஆல் டிஎஸ்எச்சை அடக்கிவைத்து, டி4-ஐத் தாழ்த்திவிடுகிறது. அந்த மாத்திரையால்தான் மீண்டும் மனிதியானேன் என்று சொன்ன ஓர் இளம்பெண்ணுக்கு இதை விளக்குவது கடினமாக இருந்தது. அவர் நெடுநேரம் யோசித்து, கருத்தரிக்கும் முன்பே லெவோதைராக்சினுக்கு மாறச் சம்மதித்தார். மாறிய ஆறாவது வாரத்தில் டிஎஸ்எச் பார்த்தோம். கருவுற்றது தெரிந்தவுடன் வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கி, உடனே வந்து பார்க்க வேண்டும் என்றும், பாதிக் கர்ப்பகாலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்றும் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பிரசவத்துக்குப் பிறகு பழைய மாத்திரையைப் பற்றி மீண்டும் பேச வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதையும் கோப்பில் குறித்து வைத்திருக்கிறோம்.