போல்ட்டைக் கழற்றாமல் அலுமினியத்துக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்

மீன்பிடித் தடைக்காலம்தான் படகில் இந்த வேலைக்குத் தோதான நேரம். குமரி மாவட்டத்தில், கிழக்குக் கரையான சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; மேற்குக் கரையான முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகு கரையேறியதும் கைப்பிடிக் கம்பி, கேபின் ஜன்னல் சட்டம், கயிறு கட்டும் கட்டை என்று அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்த இடத்தையெல்லாம் சுரண்டி, உடனே பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளிலேயே பெயிண்ட் கொப்புளிக்கும். கொப்புளத்தை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே மாவு மாதிரி வெள்ளை, அதற்கடியில் ஊசிமுனைக் குழி. அநேகமாக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டை ஒட்டித்தான் இது வரும்.

அலுமினியமும் எஸ்.எஸ்ஸும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத்தண்ணீரும் நின்றால் அது பேட்டரியேதான். கரைவது அலுமினியம். 304 ரக எஸ்.எஸ்ஸை எடுத்துவிட்டு, உப்பை இன்னும் தாங்கும் 316 ரகம் போட்டால் போல்ட்டு பிழைக்கும், அலுமினியம் பிழைக்காது. செம்பும் பித்தளையும் இன்னும் மோசம். ஈயக்குண்டு கட்டிய வலையை ஈரத்தோடு அலுமினியத் தட்டில் குவித்து வைப்பதும் கெடுதல்தான்.

இறுகிய போல்ட்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் தலையில் லேசாகத் தட்டி, முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். எடுத்த எடுப்பில் முறுக்கினால் தலை ஒடிந்து கையோடு வரும். சூடு காட்டுவதென்றால் போல்ட்டுக்கல்ல, சுற்றியுள்ள அலுமினியத்துக்கு, அதுதான் எஸ்.எஸ்ஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். ஃபைபர் (கண்ணாடியிழை) படகில் பொருத்தியிருக்கும்போது சூடு வேண்டவே வேண்டாம், ரெசின் கெட்டுவிடும்.

கழற்றியதும் வாஷர் இருந்த இடத்தில் கெட்டிப்பட்ட வெள்ளைக் களிம்பு வட்டமாக ஒட்டியிருக்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நைலான் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். காஸ்டிக் சோடா, கக்கூஸ் கழுவும் ஆசிட் இரண்டும் அலுமினியத்தையே தின்றுவிடும். இரும்புக் கம்பிப் பிரஷும் ஆகாது. அதன் துகள் பதிந்து புதிதாய் அரிப்பைத் தொடங்கும். 4 மி.மீ. தகட்டில் குழி 1 மி.மீ.யைத் தாண்டினால், பாரம் தாங்கும் பாகமென்றால் நான் மாற்றத்தான் சொல்வேன்.

காய்ந்ததும் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு 120 நம்பரால் தேயுங்கள். தேய்த்த கையோடு எட்ச் பிரைமர் (உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் உப்புக்காற்று பட்டு, பிரைமர் பிடிக்காது.

திரும்ப மாட்டும்போதுதான் முக்கியமான வேலை. 8 மி.மீ. போல்ட்டுக்கு அலுமினியத் துளையை 10 மி.மீ. ஆக்கி, 1 மி.மீ. கனமுள்ள நைலான் புஷ் (குழாய் மாதிரி உறை) செருகுங்கள். தலைக்கும் நட்டுக்கும் அடியில் நைலான் வாஷர், அதன்மேல் எஸ்.எஸ். வாஷர். அலுமினியத்திலேயே திருகு மரை வெட்டியிருந்தால் புஷ்ஷுக்கு இடமில்லை; டெஃப்-ஜெல், டூராலாக் மாதிரிப் அரிப்புத் தடுப்புப் பசையை மரை முழுக்கப் பூசுங்கள். செம்பு கிரீஸ், கிராஃபைட் கிரீஸ் கூடவே கூடாது, இரண்டும் அரிப்பை முடுக்கிவிடும்.

கைப்பிடிக் கம்பியில் ஜிங்க் துண்டைக் கட்டிப் பயனில்லை. ஜிங்க் தான் முதலில் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும், அதுவும் தண்ணீருக்குள் மூழ்கிய பாகத்தை மட்டுமே. எஞ்சினில் உள்ளதைப் பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயிண்ட் படவே கூடாது. மேலே உள்ளவற்றுக்கு, கரை வந்ததும் போல்ட்டு இடுக்கெல்லாம் போகிற மாதிரி ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.