பறை காய்ச்ச ஒரு இடம்

பெரும்பாக்கத்துக்கு நாங்கள் வந்தது 2017-இல். அதற்கு முன்னால் சென்னைக்குள் கூவம் ஆற்றங்கரை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோரத்தில் இருந்தவர்களைச் சாமான் சட்டியோடு லாரியில் ஏற்றி, ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளி இங்கே இறக்கினார்கள். தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி, வரிசை வரிசையாக ஒரே அச்சில் கட்டடங்கள். எங்கள் வீடு ஏழாவது மாடி. லிப்ட் ஓடுகிற நாளும் உண்டு.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு கலைக்குழுவின் வாரக்கடைசிப் பயிற்சியில் பறை கற்றுக்கொண்டேன். வேலைக்குப் போன பிறகு, நம்ம பிளாக் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லிக்கொடுக்கலாமே என்று தோன்றியது. இதே மாதிரி ஆரம்பிக்க நினைக்கிற யாருக்காவது பயன்படட்டும் என்று, நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் நோட்டீஸ் ஒட்டினேன். ஒருத்தரும் வரவில்லை. அடுத்த வாரம் படிக்கட்டில் உட்கார்ந்து, என்னோடு கற்ற தோழி ஒருத்தியும் நானும் சும்மா அடிக்க ஆரம்பித்தோம். பத்து நிமிஷத்தில் பதினாலு பேர். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பெயின்ட் டப்பா, தண்ணீர்க் குடம், பைக் டேங்க் என்று எது கிடைத்தாலும் கானா பாடித் தாளம் போடுகிற பிள்ளைகள் இவர்கள். எனக்கு ஒரு மாதம் பிடித்த அடியை ஒரு பையன் இரண்டாவது வாரமே பிடித்துவிட்டான். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

முதல் மாதம் பறையே கிடையாது. அடியை வாயால் சொல்லிப் பழகும் சொற்கட்டு, காலில் அடவு, அவ்வளவுதான். பறை நின்றுகொண்டு மட்டும் அடிக்கிற வாத்தியம் இல்லை. கால் வராவிட்டால் கை நிற்காது. இரண்டாவது மாதம் ஆளுக்கு இரண்டு குச்சி: வலது கைக்குக் கட்டையான அடிக்குச்சி, இடது கைக்கு நீளமாக, மெல்லிசாகச் சீவிய மூங்கிலில் சுண்டுக்குச்சி. எல்லாருக்கும் சிக்கல் சுண்டுக்குச்சிதான். பறையின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டே அதே இடது கையால் சுண்ட வேண்டும். பழைய பெயின்ட் டப்பா மூடிகளைத் தோளில் மாட்டிப் பழகினோம். கருவி வாங்கக் காசு சேர்வதற்குள் யார் தொடர்ந்து வருவார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. பதினாலில் ஒன்பது.

மீதி ஐந்து பேர் ஆர்வம் குறைந்து போனார்கள் என்று நினைக்க வேண்டாம். முகூர்த்த நாளில் பையன்கள் கேட்டரிங் வேலைக்குப் போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு என்றால் துணி, தண்ணீர், தம்பி தங்கை. அதனால் நேரத்தைக் காலை ஆறரைக்கு மாற்றினோம். ஆறரைக்கு அடித்தால் பிளாக் சும்மா இருக்குமா? மூன்றாவது மாடி அண்ணன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர். அவர் கத்தினதில் நியாயம் இருந்தது. இன்னொரு தொல்லையும் இருந்தது. இரண்டு பிளாக்குக்கு நடுவே அடித்தால் சத்தம் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வருகிறது. பிள்ளைகள் எதிரொலியைக் கேட்டு அதோடு சேர்ந்து அடிக்க, தாளம் இழுத்துக்கொண்டே போகும். கடைசியில் பின்பக்கக் காலி மைதானத்துக்குப் போனோம். வெயில் ஏறினால் நிழல் கிடையாது. ஆனால் தாளம் நின்றது.

பிறகு கருவி. நாலு தோல் பறை, மூன்று பைபர் வாங்கினோம். தோல் பறைக்கு வேப்பமரத்தை மூன்று துண்டாக வளைவாக அறுத்து, இரும்புத் தகட்டால் இணைத்த சட்டம். அதில் மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டியது. பைபருக்கு நெருப்பு வேண்டாம், மழை பற்றிக் கவலை இல்லை. ஆனால் சத்தம் தகர டப்பா. தோலை நெருப்பில் காட்டிக் காய்ச்சினால்தான் கணீர் என்று பேசும். மாடிக் குடியிருப்பில் எங்கே நெருப்பு மூட்டுவது? படிக்கட்டுக்குக் கீழே மூட்டி, புகை மேலே ஏறி, யாரோ புகார் கொடுத்து, போலீஸ் அண்ணன் ஒருவர் வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இதுக்கு ஸ்பீக்கர் வாங்கலாமே” என்றார்.

இடம் கொடுத்தது தரைத்தளத்து ஆயா ஒருவர். அவர் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் விறகடுப்பு வைத்திருந்தார். “இங்க காச்சிக்கங்க, அப்பிடியே வென்னி வச்சுக்கறேன்” என்றார். பறைகளையும் அவர் வீட்டிலேயே வைத்தோம். அவசரப்பட்டு ஒரு பறையை நான்தான் தீக்குக் கிட்டே பிடித்துக் கிழித்தேன். தட்டிப் பார்த்துக்கொண்டே, திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். நாலாயிரம் ரூபாய். பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிளாக்கில் எல்லாரையும் சமாளித்தேன். அம்மாவைத்தான் முடியவில்லை. பறையை வீட்டுக்குள் விடவே மாட்டார். “சாவு மோளம்னு கூச்சப்படறியாம்மா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் தாத்தா கதையைச் சொன்னார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஊரில் சாவுக்கு அடித்தவர் தாத்தா. கொஞ்சம் நெல்லும் சாராயமும் கூலி. ஒரு வருஷம் இனி யார் சாவுக்கும் அடிப்பதில்லை என்று சேரியே முடிவெடுத்தது. ஊர் வயலில் வேலை கொடுக்கவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. தாத்தா மேளத்தைப் போட்டுவிட்டு மெட்ராஸ் வந்தார். “அவரு வேணாம்னு தூக்கிப் போட்டத நீ காசு குடுத்து வாங்கினு வர்ற.”

கல்லூரிக் குழுவில் பறை நம் பெருமை என்று பேசியிருக்கிறோம். தொல்காப்பியம் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது பறையையும் சேர்த்துச் சொல்கிறது என்று மேடையில் நானே முழங்கியிருக்கிறேன். அம்மா முன்னால் அது எதுவும் எடுபடவில்லை. 2025 குடியரசு தினத்தையொட்டிப் பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது போனில் காட்டினேன். “நல்ல மனுசன், நல்லா இருக்கட்டும்” என்றதோடு சரி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூலிக்குச் சாவு வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன். மற்ற வீட்டுப் பெற்றோரிடமும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று பெண் பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள்.

ஐப்பசியில் ஆயா இறந்துபோனார். அவருடைய மகன் எங்களைக் கூப்பிடவில்லை. பிள்ளைகள்தான் வந்து நின்றார்கள்: “இன்னாக்கா, நம்ம ஆயாவுக்குக் கூடவா?” எனக்குப் பதில் வரவில்லை. வாக்கு கொடுத்தவள் நான். கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “துட்டு வாங்கக்கூடாது. சாராயம் எவனாவது நீட்டினா தட்டி வுட்டுட்டு வந்துடணும். போங்க” என்றார்.

தூறல். தோல் தொய்ந்து போயிருந்தது. ஆயாவின் அடுப்பிலேயே பழைய பேப்பரைப் போட்டுக் காய்ச்சினோம். பன்னிரண்டு பேரும் மாறி மாறி அடித்தார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே அடித்ததில் அவளுடைய சுண்டுக்குச்சி தவறிக்கொண்டே இருந்தது. நான் திருத்தவில்லை.

அந்த வீட்டை ஆயாவின் மகன் பூட்டிவிட்டுப் போய்விட்டார். பறைகள் இப்போது எங்கள் வீட்டில், அம்மாவின் கட்டிலுக்கு அடியில், மழைக்கு நனையாமல் சாக்கில் சுற்றி இருக்கின்றன. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் ஏழு மாடி ஏறி வந்து எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். காய்ச்சுவதற்குத்தான் இன்னும் இடம் அமையவில்லை. போன வாரம் மைதானத்து ஓரத்தில் செங்கல் வைத்துப் பார்த்தோம்; காற்றில் தீ நிற்கவில்லை.