என் உடம்பு ஏன் விட்டது?

நான் நர்ஸாக இருக்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவில், குழந்தையின் ரத்தத்தில் கிருமி என்று ரிப்போர்ட் வந்ததும் தாய்மார்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான். "நான் என்ன தின்றுவிட்டேன், அக்கா?" பப்பாளியா, ஐஸ் தண்ணீரா, கிரகணத்தன்று வெளியே வந்ததா? பென்னாகரம், அரூர், சித்தேரி மலை, எந்தப் பக்கத்திலிருந்து வந்தவளானாலும் பழி முதலில் அவள் தட்டின் மீதுதான் விழுகிறது. மாமியார் சொல்வதற்கு முன்பே அவளே சொல்லிவிடுகிறாள். அந்தப் பழியைத் துடைக்கத்தான் நான் கிருமியைப் பற்றி விளக்கமாகச் சொல்லத் தொடங்கினேன்.

அப்படி வந்த ஒரு பெண்ணுக்கு நிறைமாதப் பிரசவம். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் தாண்டினாலோ, 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ ஆன்டிபயாடிக் போடுவோம். அவளுக்கு அதில் ஒன்றுகூட இல்லை. பிறந்த அன்றே குழந்தை முனகியது, பால் குடிக்கவில்லை. ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் வந்தது குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் என்ற கிருமிகளையே பார்த்துப் பழகிய எங்கள் பிரிவில் அது அபூர்வமான பெயர். பென்சிலின் வகை மருந்துக்குக் கட்டுப்படும் என்பதால் எங்களுக்குச் சற்று நிம்மதிகூட.

"எனக்கு ஒரு நாள்கூட உடம்பு சுடவில்லையே, அக்கா. கிருமி இருந்தால் தெரிந்திருக்காதா?"

தெரியாது என்றேன். உலகில் ஏறத்தாழ 5 கர்ப்பிணிகளில் ஒருவரின் குடலிலும் பிறப்புறுப்பிலும் அது தொந்தரவு தராமல் இருக்கிறது, வரும், போகும் என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் பத்தாவது வரை படித்தவள், கண்ணை எடுக்காமல் கேட்டாள். அதனால் மேலே சொன்னேன். அந்தக் கிருமியின் மேலுறையின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை இருக்கிறது. நம் அணுக்களின் மேலும் அதே சர்க்கரைதான். வெள்ளை அணு அதைத் தொட்டுப் பார்த்து, நம் வீட்டு ஆள் என்று அடங்கிவிடுகிறது. போதாததற்கு, வெள்ளை அணுக்களைக் கூப்பிடும் சி5ஏ என்ற சமிக்ஞையையும் ஒரு நொதியை வைத்து வெட்டிவிடுகிறது. "இதில் நீ தின்றதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை" என்று முடித்தேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்படியென்றால் என் உடம்பு அதைச் சொந்தம் என்று நினைத்து விட்டுவிட்டதா? வயிற்றில் இருந்த பிள்ளையைவிடவா அது சொந்தம்?"

அப்படி இல்லை என்றேன். அடுத்த குழந்தையின் வார்மரில் அலாரம் அடிக்க, போய்விட்டேன்.

நான் சொன்னதில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் பழி எங்கும் போகவில்லை. தட்டிலிருந்து உடம்புக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். பப்பாளி என்றால் அடுத்த முறை தின்னாமல் இருக்கலாம். உடம்பை என்ன செய்வாள்?

மூத்த சிஸ்டர் ஒருவர், "இவ்வளவு ஏன் சொல்கிறாய்? சரியாகிவிடும் என்று சொன்னால் போதாதா?" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் கிரகணமும் பப்பாளியும் வந்து உட்காருகின்றன. கேட்டவளுக்குப் பதில் தராமல் ஊசி மட்டும் போடுவது எனக்குப் பிடிக்காது.

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். பாதி தகப்பனுடைய அடையாளத்தோடு வளரும் பிள்ளையைத் தள்ளிவிடாமல் தாங்குவதற்காகவே தாயின் காவல் அணுக்கள் கர்ப்பப்பையில் அடங்கி நடக்கின்றன. உன் உடம்பு பிள்ளையைத்தான் முதலில் சொந்தமாக ஏற்றது என்று சொல்லியிருக்கலாம். தாயின் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்க் காக்கிறது என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த உறைக்கு எதிரான எதிர்ப்பொருள் குறைவாக உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கே இந்தத் தொற்று அதிகம் வருகிறது என்று 1976-லேயே காட்டிவிட்டார்கள். இன்று தடுப்பூசிக்கான முயற்சிகளுக்கும் அதுதான் அடிப்படை. அதையும் சொன்னால், "அப்போது நான் கொடுக்கவில்லையா?" என்றுதானே கேட்பாள்? எந்த உண்மையை எடுத்தாலும் அவள் பக்கமே கூராக இருக்கிறது.

குழந்தை தேறியது. வீட்டுக்குப் போகும் நாளில், அடுத்த பிரசவத்தில் வலி தொடங்கியதும் பென்சிலின் போட வேண்டும், பிறப்பதற்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பே போட்டால் நல்லது என்று சீட்டில் எழுதி, படித்தும் காட்டினோம். மாமியார் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அது புரிந்ததாலா, என்னிடம் கேட்டுப் பயனில்லை என்பதாலா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பாலக்கோடு பக்கத்துப் பெண் ஒருத்தி அதே காய்ச்சல் கேள்வியைக் கேட்டாள். அவளுக்கும் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் அந்தச் சர்க்கரை உறையைப் பற்றி மட்டும் அவளிடம் சொல்லவில்லை.