கிராமர் புக்கும் ரைட்டிங் புக்கும் ஒரே பெட்டியில வேணுமா?

டெக்சாஸ்ல ஹோம்ஸ்கூல் பண்றவங்களுக்கு, அதாவது பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்லயே படிக்க வைக்கிறவங்களுக்கு, கவர்மெண்ட் தொல்லை ரொம்பவே கம்மிங்க. எங்கயும் போய் ரிஜிஸ்டர் பண்ண வேணாம், பரீட்சை வெச்சு மார்க் காட்ட வேணாம், ரீடிங், ஸ்பெல்லிங், கிராமர், மேத்ஸ், நல்ல குடிமகனா இருக்குறது, இந்த அஞ்சையும் ஒரு பாடத்திட்டம் வெச்சு நேர்மையா நடத்தினா போதும், 1994ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு. வேடிக்கை என்னன்னா அந்த அஞ்சுல கிராமர் இருக்கு, ரைட்டிங் இல்ல! (சயின்ஸும் இல்ல, அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

டல்லாஸ் பக்கம் நம்ம ஆளுங்க யாராவது பிள்ளைய ஸ்கூல்ல இருந்து எடுத்தா முதல்ல கேக்குறது இதுதான், ஃபோர்த், ஃபிஃப்த் கிரேடுக்கு இங்கிலீஷுக்கு என்ன வாங்கலாம், எல்லாம் சேர்ந்து ஒரே செட்டா வருமாக்கா? வரும். ஆனா நான் வேணாம்னுதான் சொல்லுவேன். கிராமருக்கு சின்னதா ஒண்ணு, ரைட்டிங்குக்கு தனியா ஒண்ணு, அதுலயும் பணத்தை விட உங்க நேரம் அதிகமா போகப்போறது ரைட்டிங்குக்குத்தான்.

நாமெல்லாம் ரென் அண்ட் மார்ட்டின் வெச்சு ஆக்டிவ் வாய்ஸ பேசிவ் வாய்ஸா மாத்தி மாத்தி கை ஓய்ஞ்சவங்க தானே, டைரக்ட் ஸ்பீச் இன்டைரக்ட் ஸ்பீச் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவோம், ஆனா சொந்தமா ரெண்டு பாரா எழுதுன்னா "மை ஃபேவரிட் ஹாபி" மனப்பாடம் பண்ணதுதான் வரும். இது நம்ம ஊர் குறை மட்டும் இல்ல. 2007ல ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின்னு ரெண்டு பேர் நாலாம் வகுப்புல இருந்து பன்னெண்டு வரைக்கும் நடந்த ஆய்வுகள எல்லாம் சேர்த்துப் பாத்தாங்க. கிராமர மட்டும் தனியா உக்காந்து நடத்தினதால எழுத்து முன்னேறல, பலன கணக்கு போட்டா மைனஸ்லதான் வந்துச்சு. அதே நேரம் படிச்சத சுருக்கி எழுதுறது, சின்னச் சின்ன வாக்கியங்கள சேர்த்து ஒண்ணாக்குறது, இதெல்லாம் நல்ல பலன் குடுத்துருக்கு. அதுக்காக கிராமரே வேணாம்னு தூக்கிப் போடச் சொல்லல, சட்டத்துல வேற இருக்கு, தினம் பத்து பதினஞ்சு நிமிஷம் போதும்னு சொல்றேன்.

அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஈஸி கிராமர்ங்குற புக் எனக்குப் புடிச்சுது. முதல்ல பிரிபொசிஷன் லிஸ்ட்ட மனப்பாடம் பண்ண வெச்சுடுவாங்க, அப்புறம் வாக்கியத்துல அந்த பிரிபொசிஷன்ல ஆரம்பிக்கிற ஃப்ரேஸ் எல்லாத்தையும் அடிச்சுட்டா மிச்சம் இருக்குறதுல சப்ஜெக்ட்டும் வெர்பும் தானா கண்ணுல படும். கதை புடிக்கிற பிள்ளைங்களுக்கு ஃபிக்ஸ் இட் கிராமர்ங்குற புக் சரியா இருக்கும், ஒரு கதைய தினம் ஒரு துண்டாக் குடுப்பாங்க, அதுல இருக்குற தப்ப கண்டுபுடிச்சு திருத்தி நோட்டுல காப்பி பண்ணணும். எம்.சி.டி.ன்னு சொல்ற மைக்கேல் கிளே தாம்சன் புக்ஸ் ரொம்ப அழகா இருக்கும், ஒரே வாக்கியத்த நாலு அடுக்கா பிரிச்சுப் பாக்குறது, ஆனா விலையப் பாத்துட்டு வாங்குங்க!

இப்ப ரைட்டிங். பிள்ளை பேப்பர முறைச்சுப் பாத்துட்டு "ஐ டோன்ட் நோ வாட் டு ரைட்"னு உக்காந்திருந்தா அது சோம்பேறித்தனம் இல்லைங்க. என்ன சொல்லணும்னு யோசிச்சு வார்த்தையாக்குறது ஒரு வேலை, அந்த வார்த்தைய ஸ்பெல்லிங், கமாவோட பேப்பர்ல இறக்குறது இன்னொரு வேலை, ரெண்டையும் ஒரே நேரத்துல கேட்டா சின்னப் பிள்ளை திணறத்தான் செய்யும்னு ஹோம்ஸ்கூல் புக் எழுதுற சூசன் வைஸ் பாவர் சொல்றாங்க. அவங்க ரைட்டிங் வித் ஈஸ் புக்ல அதனாலதான் முதல்ல வாயால சொல்ல வெச்சு, நாம எழுதி, அப்புறம் டிக்டேஷன்னு போகும். நம்ம வீட்டுக்கு இது இன்னும் வசதி, வாயால சொல்றத தமிழ்ல சொல்லட்டுமே, தங்கிலீஷா வந்தாலும் பரவால்ல, விஷயம் வரிசையா வருதான்னு பாத்தா போதும்.

அடுத்த படிக்கு ஐ.இ.டபிள்யூ. (இன்ஸ்டிட்யூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்) பாடத்திட்டத்துல வர்ற கீ வேர்ட் அவுட்லைன். ஒரு பாராவ எடுத்துக்கிட்டு வாக்கியத்துக்கு மூணு வார்த்தைக்கு மேல போகாம குறிச்சுக்கணும், படம், நம்பர் எல்லாம் கணக்குல வராது, அதனால என் பையன் முக்கால்வாசி படமாத்தான் போடுவான். அப்புறம் புக்க மூடிட்டு அந்தக் குறிப்ப வெச்சு வாயால சொல்லிப் பாத்துட்டு எழுதணும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சின்ன வயசுல கிட்டத்தட்ட இப்படித்தான் எழுதப் பழகினதா அவரே எழுதியிருக்காரு. ஒண்ணு மட்டும், எந்த கரிக்குலமா இருந்தாலும் பாராவுக்கு இத்தனை அட்வெர்ப், இத்தனை பெரிய வார்த்தைன்னு செக்லிஸ்ட் வந்தா அத உப்பு மாதிரி பாத்துப் போடுங்க, இல்லன்னா எழுத்து வாயில வைக்க முடியாது.

வாக்கியம் சேர்க்குறதுக்கு புக்கே வேணாம்னு நினைக்கிறேன். டெக்சாஸ் கடற்கரையில இருக்குற பாட்ரே ஐலண்ட்ல கடலாமை பாத்துட்டு வந்து பையன் எழுதினத தமிழ்ல சொன்னா இப்படி: "ஆமை கரைக்கு வந்துச்சு. அது பகல் நேரம். அது முட்டை போட்டுச்சு. அது திரும்பப் போச்சு." தப்பே இல்ல, கிராமர் டெஸ்ட்ல ஃபுல் மார்க். இந்த நாலையும் ஒண்ணாக்குடான்னு சொன்னேன், புலம்பிட்டு, "பட்டப்பகல்ல கரையேறின ஆமை முட்டைய போட்டுட்டு திரும்பிக்கூட பாக்காம போயிடுச்சு"ன்னு வந்துச்சு. திரும்பிக்கூட பாக்காமங்குறது நான் குடுக்கல, நாலையும் சேர்க்கும்போது அவனே போட்டுக்கிட்டான். கமா எங்க வரணும்ங்குற சண்டை அங்கதான் வந்துச்சு, அன்னைக்கு கிராமர் கிளாஸ் அதோட முடிஞ்சுது, புக்க தொறக்கவே இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி பப்ளிஷர் சைட்ல சாம்பிள் பாடம் இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்கும், பிரிண்ட் எடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. டீச்சர் புக் பழசா கிடைச்சா வாங்கிடலாம், யாரும் அதுல கிறுக்கியிருக்க மாட்டாங்க. ஸ்டூடண்ட் புக் பழசு வாங்கும்போது மட்டும் உள்ள ஏற்கனவே எழுதியிருக்கான்னு போட்டோ அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கோங்க.