கின்சி மீது வந்த கோபமும் அவருக்கு வந்த கடிதங்களும்

ஆல்ஃபிரட் கின்சி அடிப்படையில் குளவிகளை ஆராய்ந்த விலங்கியலாளர். 1948இல் ஆண்களின் பாலியல் நடத்தை பற்றி அவர் குழு எழுதிய 804 பக்கப் புத்தகத்தை மருத்துவ நூல் பதிப்பகம் ஒன்றுதான் வெளியிட்டது. புரட்டினால் அட்டவணை, வரைபடம், மறுபடியும் அட்டவணை. ஆனாலும் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது.

1953இல் பெண்களைப் பற்றிய புத்தகம் வந்ததும் ஊரே கொதித்தது. ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம் (மாதிரித் தேர்வு) சரியில்லை என்று புள்ளியியலாளர்கள் சொன்னது நியாயமான விமர்சனம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேடையேறித் திட்டிய பலரின் கவலை அது இல்லை. கிட்டத்தட்ட 6,000 பெண்கள் தங்கள் உடலைப் பற்றி மனம்விட்டுப் பேசியதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. மறு வருடமே அவர் ஆய்வுக்கு வந்துகொண்டிருந்த ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியும் நின்றுபோனது.

அப்புறம், சாதாரண வாசகர்கள் கின்சி வேலை பார்த்த இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் குவித்த கடிதங்கள் இருக்கின்றனவே! யாரிடமும் கேட்க முடியாத சந்தேகங்களை அவரிடம்தான் கேட்டார்கள். எனக்கு அந்த வாசகர்களைத்தான் ரொம்பப் பிடிக்கும்.